குழலை முன் பெஞ்சுக்குத் திருப்பியவர்

திரையில் முத்தம் வரப்போகிறது என்றால் லோபெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு வள்ளிக்கிழங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். "இந்த வருஷம் கிழங்கு சுண்டுவிரல் கனந்தான்யா இருக்கு!" என்று அவர் தகரக் குழலில் கத்தி முடிப்பதற்குள் இரண்டு வெள்ளை முகங்கள் ஒட்டிப் பிரிந்திருக்கும். தொங்கா தீவின் நுகுவலோஃபா துறைமுகத்துச் சினிமாக் கொட்டகையில், ஆங்கிலப் படங்களை நின்றபடியே தொங்க மொழியில் சொல்வது அவர் தொழில். அண்ணனும் தங்கையும் ஒரே கூரைக்கடியில் காதல் பேச்சைக் கேட்கலாமா? ஊர் காறித் துப்பாதா?

அவருக்கு எல்லாப் படமும் ஒரே படம்தான். கப்பல் வரும், மாலுமி இறங்குவான், பழுப்புச் சாயம் பூசிய ஹாலிவுட்காரி ஒருத்தி தீவுத் தலைவரின் மகளாக இடுப்பை ஆட்டிக்கொண்டு வருவாள். "மொழி தெரியாது, ஊர் தெரியாது, அப்பன் பேர் தெரியாது. காதல் மட்டும் தெரிஞ்சிருச்சாம், த்தூ!" கடைசியில் அவள் எரிமலையில் குதிப்பாள், அவன் கப்பலேறுவான். "ஏன், அவன் குதிச்சா என்னவாம்?" என்பார் லோபெட்டி. பெண்கள் பக்கம் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். காதலன் நிலவைக் காட்டி உருகினால், "உங்க வீட்டுல பன்னி எத்தனைன்னு கேக்குறான்" என்று கூசாமல் சொல்லுவார்.

இப்படி ஊரார் காதலைக் கிழித்தவரின் தங்கை லோசலீனை, வாழைப்பழக் கப்பலில் இயந்திரம் பார்க்கும் நியூசிலாந்துக்காரன் டக்ளஸ் கட்டிக்கொள்ள வந்தான். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வேண்டும் இவருக்கு! அப்பா இல்லாத வீடு. அண்ணன் சம்மதிக்காமல் கப்பலேறமாட்டேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை கப்பல் கிளம்புகிறது. ஆனால் இதையெல்லாம் அண்ணனும் தங்கையும் வாய்விட்டுப் பேச முறையில்லை.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு டக்ளஸ் முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். லோசலீன் பின்னால், பெண்களோடு. திரையில் பெண்ணின் அப்பா மாலுமியிடம் என்னவோ கேட்டார். லோபெட்டி குழலை முன் பெஞ்சுக்குத் திருப்பினார்.

"டேய் கப்பல்காரா! ஊர்ல உனக்கு இன்னொருத்தி இருக்காளா? எம் பொண்ண நடுவுல விட்டுட்டு ஓடிருவியா?"

டக்ளஸ் எழுந்து நின்றான். "இல்லீங்க. யாரும் இல்ல. விட்டுட்டுப் போகமாட்டேன்" என்றான், தட்டுத்தடுமாறித் தொங்க மொழியில்.

"மச்சான் பதில் சொல்லிட்டாருடா!" என்று ஒருவன் கூவினான். கொட்டகை குலுங்கியது. "வாய மூடுங்கடா, அண்ணங்காரன் என்ன சொல்றான்னு பாப்பம்" என்று அதட்டினாள் கடலைக்காரி மெலே.

லோபெட்டிக்கு வெட்கமும் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. திரையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. குழலைத் தரையில் வைத்தார்.

மானமுள்ள தொங்கக்காரன் வேட்டிக்கு மேல் இடுப்பில் ஓலைப்பாய் சுற்றாமல் நாலு பேர் முன் நிற்கமாட்டான். லோபெட்டி தன் பாயை அவிழ்த்து, அந்த வெள்ளைக்காரனின் இடுப்பில் சுற்றி, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார்.