பெயருக்கு முன்னால் அவள் ஊர்

அந்தப் பலகையில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னது நான்தான். தப்பு முழுக்க என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் எளிது.

தொண்ணூறுகளில் நடந்தது. என் வீட்டுக்காரருக்குப் பழவங்காடியில் பூஜைச் சாமான் கடை ஒன்றில் வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த மலையாளத்து ஊருக்கு வந்து அப்போதே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் வரிசையில் நாலாவது வீடு என் தோழியுடையது. அவளும் திருநெல்வேலிச் சீமைக்காரி, அவள் வீட்டுக்காரர் கொத்தனார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி வைக்கிற வேலை பார்த்தாள். இங்கே அதை உச்சக்கஞ்சி என்பார்கள். அரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ள அவித்த சிறுபயறு. எனக்கு அவள் மதினி, அவளுக்கு நான் மதினி. எந்த வழியில் மதினி என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது.

ஆற்றுகால் பகவதிக்குப் பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகிற பொங்காலைக்கு எங்கள் இரண்டு அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். முதல் நாளே போய்ச் செங்கல் வைத்து இடம் பிடிப்பது என் பொறுப்பு. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே அவள் என் பானையை எட்டிப் பார்ப்பாள்.

"தண்ணி கூடிப்போச்சே மதினி. இது பகவதிக்கா, எங்க ஸ்கூல் பிள்ளைகளுக்கா?"

"உன் கஞ்சியைவிட இது கெட்டிதான், போ."

"என் கஞ்சியைக் குடிச்ச பிள்ளைதான் இன்னிக்குப் போலீஸ்ல இருக்கு. வாயைக் கொடுக்காதீங்க."

சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். ஆனால் வேலையில் கருத்து. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை எது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாளாம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் அடியில் இருக்கிற கெட்டிக் கஞ்சி. கேட்டால், "கரண்டி தானா அடிக்குப் போகுது மதினி" என்பாள்.

ஒரு ஆடி மாதத்து மழையில் காய்ச்சல் என்று படுத்தாள். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள். மகளுக்குப் பதினாலு வயது, அதே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு.

பொங்காலைக்குச் சேர்ந்து போகிற பெண்கள் நாங்கள் ஏழு பேர். அவள் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றியது. ஒருத்தி கோவிலில் விளக்கு என்றாள், ஒருத்தி அன்னதானம் என்றாள். கடைசியில் பள்ளிக்கூடத்திலேயே செய்வோம் என்று முடிவாயிற்று. எங்களால் ஆனதைச் சேர்த்துப் பள்ளிக்கூடத்தின் பெயரில் பாங்கில் போட்டுவிடுவது, அந்த வட்டியில் வருஷம் ஒரு பெண்பிள்ளைக்குப் புத்தகமும் உடுப்பும். இங்கே அதற்கு எண்டோமென்ட் என்று பெயர். அந்தச் சொல் என் வாயில் ஒழுங்காக வருவதற்கே ஒரு வாரம் பிடித்தது.

தலைமை டீச்சர் மலையாளத்து அம்மா, நல்ல மனசு. ஆபீஸ் வாசலில் மரப்பலகை ஒன்று மாட்டலாம், பெயரை எழுதிக் கொடுங்கள் என்றார். பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில் அவள் பெயருக்கு முன்னால் ஊருக்கு அடையாளமாக ஒரே ஒரு எழுத்துதான் இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையிலும் சரி, கோவில் குத்துவிளக்கில் வெட்டுகிற உபயத்திலும் சரி, ஊர்ப்பெயர் முன்னால் வந்தால்தான் மரியாதை. ஊர் இல்லாமல் வெறும் பெயர் எழுதினால் யாரும் இல்லாத அனாதை போல இருக்கும். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள் நான், ஆனாலும் இது எனக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்தேன். ஊரை முழுதாக எழுதிக் கொடுத்தேன். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. "பட்டி" என்று முடிகிற ஊர் என்று மட்டும் சொல்கிறேன்.

உதவி கொடுக்கிற நாள் வந்தது. முதல் வருஷத்து உதவி ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு. அதை என் தோழியின் மகள் கையால் கொடுப்பது என்று ஏற்பாடு. நாங்கள் ஏழு பேரும் நல்ல சேலை உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு டீச்சர் மைக்கில் பலகையைப் பார்த்து வாசித்தார். பழக்கமில்லாத ஊர், நீளமான பெயர். பாதியில் மூச்சு வாங்கி நிறுத்தினார். அப்புறம், "பட்டி" என்றார்.

மலையாளத்தில் பட்டி என்றால் நாய்.

முதலில் ஒரு மூலையில் சிரிப்பு. பிறகு கூடம் முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் எவனோ குரைத்தும் காட்டினான். மேடையில் நின்ற என் தோழியின் மகள் உதவிக் கவரைக் கொடுத்தாள், இறங்கினாள். தன் வகுப்பு வரிசைக்குப் போகவில்லை. நேரே கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவர்கள் வீட்டு அடுக்களையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு முதல் நான் ஸ்கூலுக்குப் போகலை அத்தை. அப்பாகூடச் சித்தாள் வேலைக்குப் போறேன்."

"விவரமில்லாத பிள்ளைங்க சிரிச்சதுக்காம்மா?"

"இங்க பட்டின்னா என்னன்னு உங்களுக்கு அறியாதா?"

தெரியாமல் என்ன? காலையில் வாசல்படியில் படுத்திருக்கிற நாயை, "போ பட்டி" என்றுதான் நானும் விரட்டுகிறேன். ஆனால் அது நாய், இது ஊர். இரண்டும் ஒரே சொல் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என் புத்தியில் படவில்லை.

"அம்மை வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே ஆபீஸ்ல சிரிச்சாங்களாம்," என்றாள். "அதான் ஒரு எழுத்து போதும்னு எழுத வச்சா. எனக்கும் அப்படித்தான். இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் தெரியாம வச்சிருந்தா. நீங்க மைக்குல விளிச்சுச் சொல்லிட்டீங்கல்லே?"

மரியாதை என்று நான் நினைத்து எழுதியதை என் தோழி இத்தனை காலம் மறைத்து வைத்திருக்கிறாள். தினமும் பேசிய என்னிடம் அவள் அதைச் சொல்லவில்லை. ரிஜிஸ்தரில் ஒரு எழுத்து மட்டும் இருந்ததற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நானும் யோசிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். சாமி என்னை மன்னிப்பார். நான் மன்னிப்புக் கேட்டது போய்ச் சேர்ந்த என் தோழியிடம். அப்படியே நடந்து அவர்கள் வீட்டுக்குப் போய் மகளைக் கூப்பிட்டேன்.

"வா, பள்ளிக்கூடத்துக்குப் போவோம். என்ன எழுதணும்னு நீ சொல்லு. நான் வாயைத் திறக்கலை."

யூனிஃபார்ம் போடாமல் வீட்டுப் பாவாடையோடுதான் வந்தாள். வந்ததே எனக்குப் பெரிது.

தலைமை டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "குட்டிகளல்லே சேச்சி," என்றார் என்னிடம். "நாலு திவசம் கழிஞ்ஞா மறக்கும்."

"அவங்க மறந்திருவாங்க டீச்சர். இவ மறக்க மாட்டா."

அவர் அவள் பக்கம் திரும்பி, "மோள் பற. எந்தெழுதணும்?" என்று என்ன எழுத வேண்டும் என்பதை அவளையே சொல்லச் சொன்னார்.

ஒரு எழுத்து போதும் என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "ஊருக்குப் பதிலா, உச்சக்கஞ்சி வச்சவங்கன்னு எழுதலாமோ டீச்சர்?" என்றாள்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவள் நான், திறந்துவிட்டேன். "கஞ்சின்னு எழுதினா அதுக்கும் சிரிச்சா என்னம்மா செய்வே?"

"எங்கன சிரிப்பாங்க? எல்லாரும் குடிச்சதல்லே அத்தை."

டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் மூக்கைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வந்து, அதட்டுகிற குரலில், "போய் யூனிஃபார்ம் இட்டுட்டு வா. மூணாமத்தே பீரியட் கணக்காணு," என்றார். அவள் போனாள். மூன்றாவது மணி அடிப்பதற்குள் திரும்பி வந்து வகுப்பில் உட்கார்ந்தாள். பத்தாவதும் அங்கேயேதான் எழுதினாள்.

பெயின்டரை அன்று சாயங்காலமே கூட்டிக்கொண்டு போனேன். ஊர்ப்பெயரைச் சுரண்டி எடுத்த இடத்தை அவர் சாணால் அளந்து பார்த்தார்.

"அம்மா, ஊரு இருந்த இடத்துல இவ்வளவு எழுத்து எப்படிக் கொள்ளும்? முழுசா அழிச்சுட்டுப் புதுசா எழுதணும்."

"அவ பேரை அழிக்க வேண்டாம். எப்படியாவது கொள்ளிச்சிருங்க."

முணுமுணுத்துக்கொண்டே பொடி எழுத்தில் எழுதினார். இன்றும் அந்தப் பலகையில் அவள் பெயருக்கு முன்னால் உச்சக்கஞ்சி என்ற சொல் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பக்கத்தில் போய் நின்றால்தான் வாசிக்க முடியும்.