பக்கத்து வீட்டு அண்ணையின் பியர்

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர் நெடிய, சற்றுக் கூனிய மனிதர். வீட்டிலேயே பியர் செய்வார். மகளைக் கட்டப்போகிறவனின் தகப்பன், ஒரு சிசிலிக்காரர், ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக வர இருந்தார். அவருக்குத் தெளிந்த பியர் கொடுக்க வேண்டும். பியரோ கழுநீர் போலக் கலங்கிக் கிடந்தது.

காரணம் அவருடைய பழக்கம்தான். வேலையால் வந்ததும் ஒவ்வொரு போத்தலாகப் பால்கனிக்குக் கொண்டுவந்து, தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அடியில் படிந்த மண்டி மறுபடி எழும்பிவிடும்.

கூச்சத்தை விட்டு ஒருநாள் சொன்னேன்: "அண்ணை, தூக்காமல் பிரிட்ஜிலை விடுங்கோ."

"தூக்காமல் தெளிஞ்சதோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?" என்றவர், சற்று யோசித்தார். "என்ரை கை சும்மா இராது தம்பி. உம்மடை பிரிட்ஜிலை வையும்."

அதன்பின் மாலைதோறும் என் கதவைத் தட்டினார். பிரிட்ஜைத் திறந்துவிடுவேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டுப் போவார். ஞாயிறு காலை, நித்திரையான பிள்ளையைத் தூக்குவதுபோல் போத்தல்களைக் கொண்டுபோனார்.

திங்கள் மாலையும் தட்டினார். "கண்ணாடி மாதிரித் தெளிஞ்சிருந்தது. மனுசன் இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிச்சவர்."

சொல்லிவிட்டும் போகவில்லை. பிரிட்ஜின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார். உள்ளே பார்க்க ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவரைத் தவிர என் கதவை எவரும் தட்டுவதில்லை. நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.