பெண் கொடுத்தது யார்?

டெக்சாஸின் காப்பெல் ஊரிலிருந்து சாரதாக்காவின் தம்பி போன் செய்தபோது நான் எடிசன் நகர ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தேன். “அக்கா போயிட்டாங்க. காலைல ஹார்ட் அட்டாக்” என்றார். நாற்பத்தாறு வயது. என்ன அவசரம் இவருக்கு? எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஈரோட்டுக்காரரான அக்கா, முன்பு பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் எங்களுக்கு எதிர் அபார்ட்மென்ட். ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். நம்மவர்கள் “ஜாவாவா, ஆரக்கிளா?” என்று விசாரித்தால், “பீவர் தோல்” என்பார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன், அரசின் உரிமம் இல்லாமல் கனடாக் காடுகளுக்குள் போய்ப் பூர்வகுடிகளிடம் பீவர் என்ற நீர்விலங்கின் தோலை வாங்கிய பிரெஞ்சுக்காரர்களைப் பற்றித்தான் அவர் ஆராய்ச்சி. அவர்களுக்குக் ‘காட்டோடிகள்’ என்று பெயரும் வைத்திருந்தார்.

விசா முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு கல்லூரியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். தேர்வுக்குழு முன் பேச வேண்டும். கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான்தான் காரில் கூட்டிப்போனேன்.

தன் ஆராய்ச்சி நூலின் ஓர் அத்தியாயத்தை வைத்து நன்றாகத்தான் பேசினார். காட்டோடிகளுக்குப் பூர்வகுடிகள் பெண் கொடுத்தார்கள், அந்த உறவால்தான் வணிகம் நடந்தது என்று முடித்தார். பார்வையாளர்களில் ஒஜிப்வே என்ற பூர்வகுடி இனத்து அம்மையார் ஒருவர் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டார்: “கொடுத்தது யார்? எங்கள் பெண்கள் தாங்களே தீர்மானித்துப் போனவர்கள். மொழிபெயர்த்ததும் பேரம் பேசியதும் அவர்கள்தான்.”

குழுத்தலைவர் பேனாவை மூடினார். ஆவணத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கக் கூடாதா என்று நினைத்தேன். அக்கா தாள்களைப் புரட்டினார். பிறகு, “ஆவணத்தில் ‘மணந்துகொண்டாள்’ என்றுதான் இருக்கிறது. பெண் கொடுப்பது, எடுப்பது என்பதெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு. அதை இவர்கள்மேல் ஏற்றிவிட்டேன். இந்த அத்தியாயம் தவறு” என்றார்.

வேலை கிடைக்கவில்லை.

அன்று காரில் நான் பொரிந்து தள்ளினேன். “ஏங்க்கா, அப்புறமா கரெக்ட் பண்ணியிருக்கலாம்ல? விசா என்னாகும்?”

அவர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். “பயமாத்தான் இருக்கு கண்ணு. ஆனா அந்தப் பொம்பளைங்கள நான் சாமான் மாதிரி எழுதிப்போட்டனே.”

விசா தீர ஐந்து நாள் இருக்கையில் டெக்சாஸில் ஒரு சிறு கல்லூரி எடுத்துக்கொண்டது. அங்கே அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினார். எழுதியதையெல்லாம் அந்த அம்மையாருக்கு அனுப்பித் திருத்தம் வாங்கினார்.

அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் தம்பி எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு காட்டோடியின் பெயர், ஊர், தந்தை பெயர் எல்லாம் இருந்தன. மனைவியின் பெயர் எந்த ஆவணத்திலும் அகப்படவில்லை போலும். அதற்கு மட்டும் அக்கா ஒரு சொல் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

போய் வாருங்கள் அக்கா. அந்த இடத்தில் நாங்களாக எதையும் எழுதிவிட மாட்டோம்.