எண் வளையம்

பாலைவன ஆற்றங்கரையில் வலசைக் குருவிகளை வலையில் பிடித்து, காலில் எண் வளையமிட்டு விடும் வேலைக்குச் சிட்னியிலிருந்து தொண்டராகப் போனபோதுதான் அவரைச் சந்தித்தேன். மெலிந்த உடம்பு. படகில் ஆஸ்திரேலியாவுக்கு அகதியாக வந்த இலங்கைத் தமிழர். வலையில் சிக்கிய குருவியை விடுவிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார்.

"நம்பர் போட்டாச்சு. இனி வைச்சிருக்கக் கூடாது" என்றார்.

"உங்க விசா என்னாச்சுண்ணே?" என்று கேட்டேன்.

"தடுப்பு முகாமில எனக்கும் நம்பர் தந்தவை. பன்னிரண்டு வருசமாச்சு, இன்னும் தற்காலிக விசாதான். நாட்டை விட்டுப் போனா திரும்ப வர ஏலாது. மகளின்ர கலியாணத்தையும் போனிலதான் பாத்தனான்."

அவர் விரித்த உள்ளங்கையில் குருவி அசையாமல் கிடந்தது. லேசாக ஊதப் போனேன்.

"பொறுங்கோ. கை திறந்தது அதுக்கு விளங்கோணும்" என்றார்.

சற்றுப் பொறுத்து அது பறந்தது. அவர் கை அப்படியே விரிந்திருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.