சாக்பீஸ் குறி

விமான நிலையத்தில் சுழன்று வந்த என் பெட்டியின் மேல் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். தங்கை கோமதியின் பெட்டியில் ஒன்றுமில்லை. குனிந்து தூக்கியபோது மூக்கில் ஏறிய அந்தச் சுண்ணாம்பு வாசனை, இன்று அடுக்குமாடியாகிவிட்ட அடையாறு தோட்ட வீட்டின் கேட்டில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே இருந்த வெள்ளைக்காரர், நாங்கள் பிறப்பதற்கு முன் சீனாவில் ஏதோ துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர்; எங்களுக்குக் கஸ்டம்ஸ் மாமா. பள்ளிவிட்டு வரும் எங்களைத் தினமும் மறித்து, குப்பத்துச் சமையல்காரரிடம் கற்ற தமிழில் "இன்னா கீது உள்ள?" என்று அதட்டி, வராந்தாவில் இருந்த சீனத்துக் கற்பூரமரப் பெட்டிமேல் கோமதியின் பையைக் கவிழ்த்து, புளியங்கொட்டை, கிளிஞ்சல், பாதி தின்ற கொய்யா என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், முகர்வார், அவள் நெளிந்து நெளிந்து சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். என் பையை அவர் திறந்ததே இல்லை. "நீ நல்ல பொண்ணு, போய்க்கினே இரு" என்று அதன்மேல் சாக்பீஸால் ஒரு சீன எழுத்தைக் கிறுக்கிவிடுவார். ஒருநாள் அம்மாவின் மூக்குத்தியையே திருடிப் பைக்குள் ஒளித்து எடுத்துப் போனேன். அன்றும் அதே எழுத்துதான்.

"என்னம்மா இருக்கு இதுல? திறங்க" என்றார், குறியைப் பார்த்து என்னை மறித்த இன்றைய சுங்க அதிகாரி.

வெளிக்கதவருகே போய்விட்ட கோமதி, "அக்கா, சீக்கிரம் வா, டாக்ஸி நிக்குது!" என்று கத்தினாள்.

நான் நிதானமாகச் சாவியைத் தேடினேன். அது என் கையில்தான் இருந்தது.