புறாக்களைத் தூக்கிய வல்லூறு

அறுபத்தெட்டாம் வருடம், பங்குனி மாதம். அருப்புக்கோட்டையில் பருத்திக் கடை வைத்திருந்தேன். அந்தத் தை மாதம்தான் மஞ்சள் காமாலை கண்டு என் மனைவி இறந்துபோனாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. மாடியில் அவள் ஆசையாக வளர்த்த புறாக்கள்தான் எனக்கு மிச்சம்.

அவற்றையும் ஒரு வல்லூறு தூக்க ஆரம்பித்தது. அவள் தோளில் வந்து உட்காரும் வெள்ளைப் புறாவை அது அடித்துக்கொண்டு போன அன்று, அவளுடைய தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். அக்கா செத்தபோதுகூட அழாதவன்.

"கரட்டுலதான் கூடு வச்சிருக்கு. குஞ்சோட சேத்து நசுக்கிட்டு வாரேன் மச்சான்" என்று கிளம்பினான். அவனைத் தடுக்க எனக்கும் மனசில்லை. கூடவே போனேன்.

திருச்சுழி ரோட்டில் சைக்கிள்களைப் போட்டுவிட்டுக் அந்தக் கரட்டுப் பாறைக் குன்றின் உச்சிக்கு ஏறினோம். எங்களுக்கு நேர் கீழே ஒரு பாறை இடுக்கில் மூன்று குஞ்சுகள் இருந்தன. இறகு முழுக்க வளர்ந்துவிட்டது, இன்னும் பறக்கவில்லை. மச்சினன் ஒரு பெரிய கல்லை விளிம்புவரை புரட்டிக்கொண்டு வந்தான்.

அப்போது தாய்ப் பறவை காலில் இரையோடு வந்தது. குஞ்சுகளிடம் கொடுக்காமல், கத்தியபடி இடுக்குக்கு முன்னால் போவதும் வருவதுமாக இருந்தது. பறந்து வந்து வாங்கிக்கொள் என்று கூப்பிடுகிறது என்று எனக்குப் புரிந்தது. மச்சினன் கல்லின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை, தள்ளவும் இல்லை.

ஒரு குஞ்சு தடுமாறிப் பாய்ந்து காற்றைப் பிடித்துக்கொண்டது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் போனது. மூன்றாவது பாய்ந்தபோது காற்று திருப்பி அடித்தது. பாறையில் மோதி, அடிவாரத்து முள்ளுக்குள் விழுந்தது. அப்புறம் அசையவே இல்லை. தாய் அதே இரையோடு இறங்கி, அதன் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. திரும்பத் திரும்பச் சுற்றியது.

மச்சினன் அந்தக் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்காவையும் இப்படித்தான மச்சான் கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தோம். எந்திரிக்கலயே" என்றான்.

சொல்லி முடிக்கும் முன்பே உடைந்து அழுதான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். வெகுநேரம் கழித்து எழுந்தவன், கல்லை உள்பக்கமாகப் புரட்டிவிட்டு இறங்கினான்.

அதற்குப் பிறகும் சில புறாக்கள் போயின. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்றைக்கும் யாராவது காரணமில்லாமல் என்மேல் எரிந்து விழுந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. உள்ளே எந்தத் துக்கம் அழ இடம் தேடுகிறதோ என்றுதான் தோன்றுகிறது.