மஞ்சள் தடவாத கடிதம்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் படிப்புக்கு ராணுவத்தில் சமையல் வேலை கிடைத்தது. பயிற்சிக்குப் போன மூன்றாம் மாதம் எல்லையில் சண்டை தொடங்கியது. எங்கள் முகாமிலிருந்து எல்லைக்கு ரயிலில் இரண்டு நாள் போக வேண்டும். சின்னமனூரில் இருந்த வீட்டாருக்கு அது புரியவில்லை. ராணுவம் என்றால் ஒரே இடம். அங்கே சண்டை நடக்கிறது, அங்கே நானும் இருக்கிறேன்.

வாரம் தவறாமல் கடிதம் வந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுதத் தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல அக்கா எழுதுவாள். "குண்டுச் சத்தம் கேட்டா அடுப்ப அமத்திப்புட்டுக் குனிஞ்சுக்கோ சாமி. ஒரு வேளை சோறு வேகலைன்னா யாரும் செத்துற மாட்டாக." ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த என் கூட்டாளியும் எழுதுவான். "ஏலே, துப்பாக்கி குடுத்தாகளா, இல்ல இன்னும் வெங்காயந்தான் உரிக்கிறியா? நீ ஒரு எதிரியப் பிடிச்சுட்டேன்னு ஊருக்குள்ள சொல்லி வச்சிருக்கேன். வெறுங்கையோட வந்துறாத." அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். தமிழ் தெரிந்த நாலு பேர் சிரிப்பார்கள்.

வீட்டிலிருந்து வரும் இன்லண்ட் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும், கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போல. சண்டைக் காலத்தில் கடிதத்தைக் கண்டு நான் பதறக் கூடாது, பிரிப்பதற்கு முன்பே நல்ல சேதி என்று தெரிய வேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. அக்கா எழுதி ஒட்டியதும் அம்மாதான் விரலால் மஞ்சளைத் தொட்டு வைப்பாள். சில சமயம் அவள் ரேகைகூடத் தெரியும்.

ஒரு நாள் மஞ்சள் இல்லாமல் ஒன்று வந்தது. அக்காவின் கையெழுத்து. நாலு மூலையும் வெறும் நீலம்.

மஞ்சள் தடவவில்லை என்றால் தடவுவதற்கு அம்மா இல்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது, வேறெதுவும் தோன்றவில்லை. பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். பக்கத்துக் கட்டில்காரன் மலையாளி, குமுளிக்கு அந்தப் பக்கம்.

"தொறந்து நோக்கடா. நல்ல சேதியாயிருக்கும்."

"பாக்கலாம்."

இரண்டு நாள் கழித்து, "நான் தொறக்கட்டே?" என்று கையை நீட்டினான்.

"தொறந்து என்ன செய்வ? ஒனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

காலையில் மாவு பிசைந்தேன். சாயங்காலம் பெட்டியைத் திறந்து, கடிதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினேன். இப்படி ஒன்பது நாள்.

பத்தாம் நாள் தந்தி வந்தது. முந்தின நாள்தான் அம்மா இறந்திருந்தாள்.

சண்டையைக் காட்டி எல்லாருக்கும் லீவை நிறுத்தியிருந்தார்கள். எனக்குக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று முன்பே சொல்லியிருந்தால் அப்போதே அனுப்பியிருப்பேனே என்று அதிகாரி இந்தியில் சொன்னார்.

ரயிலில் கடிதத்தைப் பிரித்தேன்.

"தம்பிக்கு, அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மஞ்சளுக்கு இங்கன எங்கே போவேன். பேச்சு தெளிவாக இருக்கிறது. அம்மா உன்னைப் பார்க்கணும் பார்க்கணும் என்றே சொல்கிறது. தந்தி அடித்தால் நீ பயந்துவிடுவாய் என்று அப்பா லெட்டர் போடச் சொன்னார். உடனே வா."

வீட்டுக்குப் போனபோது சுடுகாட்டு வேலையெல்லாம் முடிந்திருந்தது. அப்பா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லெட்டர் கெடச்சுச்சாய்யா?"

அது என் சட்டைப்பையில் இருந்தது.

"வரலப்பா" என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நாந்தான்டா கெடுத்தேன். ஒங்கக்கா தந்தி அடிப்போம்னுதான் சொன்னா. பய பயந்துருவான்னு நாந்தான் தடுத்தேன். வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாடா ஒங்காத்தா."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திரும்பிப் போனேன். பயிற்சி முடிவதற்குள் விட்டுவிட்டு வந்தேன். பிறகு ஏலக்காய்த் தோட்டம், லாரி, ஊர் ஊராக ஓட்டல் அடுப்பு. எங்கேயும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஊருக்கு வந்தால் மூன்று நாளுக்கு மேல் அப்பாவுக்கு எதிரில் உட்கார முடியாது.

போன மாதம் வந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாற்றுத்துணி எடுக்க வந்தார். மகன் துபாயில் வேலை பார்க்கிறான்.

"அவனுக்கு இப்பச் சொல்ல வேணாம்னு பாக்குறேன். பதறிப்போவான்."

அப்பாவால் இப்போது நடக்க முடியாது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"இப்பவே போனைப் போடுய்யா. பயந்தாப் பயந்துட்டுப் போறான். நான் இப்பிடித்தான் ஒரு லெட்டரப் போட்டுட்டு ஒக்காந்திருந்தேன். அது போய்ச் சேரவே இல்ல. இந்தா நிக்கிறான், அவன்கிட்டயே கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாண்ணே. வரல" என்றேன்.

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுப் போகச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பையைத் தோளில் மாட்டினேன். கடிதம் அந்தப் பையில்தான் இருக்கிறது.